நாற்பத்திரண்டு அடிக் கொடிக்கம்பம்

வெட்டவெளியில் போட்ட அந்த அளவை முகாம், வந்திறங்கிய மூன்றாம் நாள் காலை டீ கொதிக்கிற நேரத்தில், ஒன்பது பேர், ஐந்து கூடாரம், ஒரு லாரி, ஓர் அடுப்பு எல்லாவற்றோடும் சேர்ந்து பதினோரு அடி கிழக்கே நகர்ந்தது. பானைத் தண்ணீர் தளும்பவில்லை. லாரியில் கியர் மாற்றும்போது வருகிற மாதிரி ஒரு குலுக்கல் வந்தது. உட்கார்ந்திருந்தவர்கள் ஒரு கையைத் தரையில் ஊன்றிக்கொண்டார்கள். நின்றிருந்தவர்கள் பக்கத்து ஆளின் தோளைப் பிடித்துக்கொண்டு, பிறகு விட்டுவிட்டார்கள். விஷயத்தை முதலில் கண்டுபிடித்தவள் சமையல்காரி. மேற்கே இருந்த குட்டைக்கு முதல் இரண்டு நாளும் நாற்பது எட்டில் போய்வந்தவளுக்கு அன்றைக்கு நாற்பத்தைந்து எட்டு ஆயிற்று. மறுநாள் ஐம்பது. இரண்டு கையிலும் வாளியோடு நடக்கிறவர்களுக்கு இந்தக் கணக்கு தப்பாது.

அந்த வெளியில் பிற்காலத்தில் ஒரு கால்வாய் வெட்டுவதாக இருந்தது. அதற்கு முன்பு தரையை அளந்து படம் போட வேண்டும் என்று அனுப்பப்பட்டவர்கள் இவர்கள். தலைமை ஒரு சர்வேயரம்மா. இருபத்தேழு வருட வேலையில் கோணலாக நிற்கும் எதையும் அவர் சும்மா விட்டதில்லை. சங்கிலிக்காரன், அதாவது அளவுச் சங்கிலியின் நுனியைப் பிடித்துக்கொண்டு புள்ளிக்குப் புள்ளி நடக்கிறவன், சமையல்காரியின் கணவன். லாரியில் சாமான் ஏற்றிக் கயிறு கட்டுகிறவன் அவளுடைய தம்பி. அவனை எல்லோரும் முடிச்சு என்றே கூப்பிட்டார்கள், ஏனென்றால் அவனுக்கு ஒரே ஒரு முடிச்சுதான் தெரியும். லாரிப் பாரத்துக்குப் போடுகிற முடிச்சு அது; வண்டி குலுங்கக் குலுங்க இறுகும், பாரம் இறங்கினால்தான் தளரும், நடுவில் அவிழ்க்க வேண்டுமென்றால் போட்ட கையாலும் ஆகாது. இவர்கள் போக ஒரு டிரைவரும், அளவுக்கம்பு பிடிக்கிற நான்கு பேரும் இருந்தார்கள்.

முகாம் நகர்வதற்கு முந்தின நாள் ஒரு சண்டை நடந்தது. கூடாரங்கள் ஒரே வரிசையில் நிற்க வேண்டும் என்று சர்வேயரம்மா சொல்லியிருந்ததால், சங்கிலிக்காரன் சங்கிலியை இழுத்துப் பார்த்து, அடுப்பு ஒன்றரை அடி வெளியே இருக்கிறது என்றான். அடுப்பை நகர்த்தினார்கள். மறுபடி இழுத்துப் பார்த்து அரை அடி என்றான். மறுபடி நகர்த்தினார்கள். மூன்றாவது தடவை சோறு பாதி வேக்காட்டில் இருந்தது. சமையல்காரி கரண்டியைக் கீழே வைத்தாள்.

"சோறு வேகணுமா, கோடு நேரா இருக்கணுமா?"

"ரெண்டும்தான்."

"இனிமே இந்த அடுப்பு இருக்கிற பக்கம் உங்க கால் படக்கூடாது. சொல்லிட்டேன், ஆமா!"

சங்கிலிக்காரன் சொன்ன சொல்லை அளவு பிசகாமல் எடுத்துக்கொள்கிற ஆள். மூன்று அங்குலம் என்றால் அவனுக்கு மூன்று அங்குலம்தான். சங்கிலியைச் சுருட்டித் தோளில் போட்டுக்கொண்டு போனவன், அன்று முதல் அடுப்பிலிருந்து அறுபது அடி தள்ளி, துணி காயப்போட்ட கயிற்றுக்கும் அப்பால் உட்கார்ந்துதான் சாப்பிட்டான். தட்டைக் கொண்டுபோய்க் கொடுக்கிற வேலையும் பேச்சைக் கொண்டுபோகிற வேலையும் முடிச்சின் தலையில் விழுந்தது. "உப்பு போதுமான்னு உன் மாமாகிட்ட கேளு" என்று அக்கா அனுப்புவாள். "உப்பு இருக்கு மச்சான், சோறுதான் தேடிப் பார்க்கணும்னு உங்க அக்காகிட்ட சொல்லு" என்று மாமா திருப்பி அனுப்புவான். இருவரும் ஒருவர் குரல் ஒருவருக்குக் கேட்கிற தூரத்தில்தான் இருந்தார்கள். "நான் என்ன தபால் பெட்டியா?" என்று நடுவில் நின்று முடிச்சு கேட்டதற்கு இரண்டு பக்கத்திலிருந்தும் அடுத்த செய்திதான் வந்தது.

மூன்றாம் நாளிலிருந்து ஐந்து காலை, ஒவ்வொரு காலையும் பதினோரு அடி. சர்வேயரம்மா தானே சங்கிலி பிடித்து அளந்தார். ஐந்து தடவையும் ஒரே அளவு வந்ததால் அதைச் சந்தேகப்பட இடமில்லாமல் போயிற்று. பதிவேட்டில் எழுதி, கீழே கையெழுத்துப் போட்டார். நகர்வது எது, நகராதது எது என்பதையும் குறித்தார். அடுப்பைச் சுற்றி அறுபது அடி வட்டத்துக்குள் இருந்ததெல்லாம் கூடவே வந்தது. வட்டத்துக்கு வெளியே இருந்தது வரவில்லை. தீக்குப் பயந்து தள்ளி வைத்திருந்த டீசல் பீப்பாய்கள் வரவில்லை. வாடாமல் இருக்கட்டும் என்று குட்டைக்கரை ஈரமணலில் புதைத்து வைத்திருந்த உருளைக்கிழங்கு மூட்டை வரவில்லை. பதினோரு அடி என்பதால் யாரும் பெரிதாக எடுத்துக்கொள்ளவில்லை. தண்ணீர்ப் பீப்பாய் ஆறையும் நிரப்பி அடுப்புக்குப் பக்கத்திலேயே வைத்துக்கொண்டு வேலையைப் பார்த்தார்கள்.

ஏழாம் நாள், மேற்கு எல்லையில் குறிக்கம்புகள் நட்டுவிட்டு வரச் சொல்லி, நான்கு நாளுக்கு ரொட்டி கொடுத்து, சங்கிலிக்காரனை அனுப்பினார்கள். வெயில் அதிகம், தலைக்குத் துணி கட்டிக்கொள்ளச் சொல்லு என்று சமையல்காரி தம்பி மூலமாகச் சொன்னாள். கட்டிக்கிட்டுத்தான் நிக்கிறேன் என்று பதில் வந்தது. மறுநாள் காலை அதே குலுக்கல் வந்தது, அதே மாதிரி எல்லோரும் கையை ஊன்றினார்கள். ஆனால் நிமிர்ந்து பார்த்தபோது குட்டையைக் காணவில்லை. சர்வேயரம்மா கருவியில் கண்ணை வைத்துப் பார்த்தார். டீசல் பீப்பாய்கள் மேற்கே இரண்டு கடுகு மாதிரி தெரிந்தன. ஒரு மைல் என்று எழுதினார். அதற்கு அடுத்த காலை இன்னொரு மைல். அதற்கு அடுத்த காலை இன்னொன்று.

பதினோராம் நாள் சங்கிலிக்காரன் திரும்பியிருக்க வேண்டும், திரும்பவில்லை. பன்னிரண்டாம் நாள் டிரைவர் லாரியை எடுத்துக்கொண்டு தேடப் போனான். மூன்று மைல் போவதற்குள் புழுதிக்காற்று கிளம்பி, சக்கரத் தடத்தை அழித்து, திசையையும் குழப்பிவிட்டது. மேட்டையோ மரத்தையோ அடையாளம் வைக்கலாமென்றால் அந்த வெளியில் அப்படி ஒன்றும் கிடையாது. வந்த வழி தெரியாமல் வட்டமடித்து, மாலைக்குள் முகாமைக் கண்டுபிடித்ததே பெரிய காரியம். இறங்கியவன் முகத்தில் கண் இரண்டும்தான் தெரிந்தது. டேங்கில் கால் பாகம்தான் மிச்சம், இது எல்லோரும் ஊர் போய்ச் சேர, என்றான். நான் நடந்தே போகிறேன் என்று சமையல்காரி துணியை மூட்டை கட்டினாள். சர்வேயரம்மா மூட்டையைப் பிடுங்கிக்கொண்டார். "ஒரு ஆளைத் தேடுறதுக்கு இன்னொரு ஆளைத் தொலைக்க முடியாதும்மா. நீ போயிட்டுத் திரும்பும்போது நாங்க எங்கே இருப்போம்னு எனக்கே தெரியாது."

அன்றைக்கு ராத்திரிச் சமையலுக்கு வெங்காயம் உரிக்கிற சாக்கில் சமையல்காரி தம்பியிடம் தன் மனதில் இருந்ததைச் சொன்னாள். அடுப்பு இருக்கிற பக்கம் கால் படக்கூடாது என்று அவள் சொன்னது இரண்டாம் நாள். அடுப்பு ஓட ஆரம்பித்தது மூன்றாம் நாள். அவர் நகராவிட்டாலும் அடுப்பு நகர்ந்து, அவள் சொன்னதை நடத்திக்கொண்டிருக்கிறது. முடிச்சு, அப்படியென்றால் சொன்னதைத் திருப்பி எடுத்துக்கொள் என்றான். அவள் எழுந்து, கையைத் துடைத்துக்கொண்டு, மேற்கே பார்த்து, சொன்னது தப்பு, அடுப்பு பக்கம் வரலாம் என்று மூன்று தடவை சத்தமாகச் சொன்னாள். மறுநாள் காலை முகாம் வழக்கம்போல ஒரு மைல் கிழக்கே போயிற்று. அதற்கு அடுத்த நாள் அடுப்பையே மூட்டாமல் விட்டுப் பார்த்தார்கள். அப்போதும் போயிற்று, டீ இல்லாததால் எல்லோருக்கும் தலைவலி வந்ததுதான் மிச்சம். அவள் அழவில்லை; ஆனால் பாத்திரம் தேய்க்கும்போது ஒரே பாத்திரத்தை அரைமணி நேரம் தேய்த்தாள். "வார்த்தையை வாங்கிக்கிறதுக்கு ஆள் எதிர்ல நிக்கணும் போலிருக்குடா" என்றாள்.

பதினைந்தாம் நாள் காலையோடு முகாம் எட்டு மைல் தள்ளி வந்திருந்தது. சர்வேயரம்மா எல்லோரையும் உட்கார வைத்து, ஒரு குச்சியால் மணலில் கணக்குப் போட்டார். சங்கிலிக்காரர்களின் தொழிலில் ஒரு விதி உண்டு: புள்ளி தவறிப்போனால், கடைசியாக அளந்த புள்ளிக்குத் திரும்பி அங்கேயே நிற்க வேண்டும். அவன் விதியை மீறுகிறவன் இல்லை, ஆகவே முகாம் முதலில் இருந்த இடத்தில்தான் இருப்பான். அங்கே குட்டை இருக்கிறது, உருளைக்கிழங்கு மூட்டை இருக்கிறது. நாம் எங்கே என்பதுதான் அவனுக்குத் தெரியாது. நாற்பது அடி உயரத்தில் ஒரு கொடி பறந்தால், நின்றுகொண்டு பார்க்கிற ஆளுக்குப் பத்து மைல் வரைக்கும் தெரியும். இன்றைக்கு எட்டு மைல், நாளைக்கு ஒன்பது, நாளன்றைக்குப் பத்து. அதற்கு மேல் தெரியாது. "ஆக, கம்பம் இன்னைக்கே நிக்கணும்" என்று குச்சியைக் கீழே போட்டார்.

கொடிக்கம்பம் என்று ஒன்று முகாமில் இல்லை. கூடாரக் கம்புகள் இருந்தன, ஒவ்வொன்றும் ஒன்பது அடி. சமையல் கூடாரத்தைப் பிரித்து இரண்டு, சாமான் கூடாரத்தில் இரண்டு, சர்வேயரம்மாவின் கூடாரத்தில் இரண்டு என்று ஆறு கம்பு சேர்ந்தது. ஒன்றோடு ஒன்று இரண்டடி ஏறிப் படியும்படி வைத்து, பக்கத்துக்குப் பக்கம் கயிறு சுற்றி, சுற்றுக்கு நடுவே விறகுச் சிராய்களை ஆப்பாக அடித்து இறுக்கினார்கள். கூடாரக் கயிறு தீர்ந்ததும் வாளிக் கயிறு, அது தீர்ந்ததும் துணிக் கயிறு. நாற்பத்து நான்கு அடி வந்தது. குழிக்குள் இரண்டடி போனால் நாற்பத்திரண்டு. லாரித் தார்ப்பாயிலிருந்து ஒரு இரும்பு வளையத்தைப் பிய்த்து நுனியில் கட்டி, கொடியேற்றுகிற கயிற்றை அதற்குள் விட்டார்கள். லாரியின் கூரைமேல் நுனியைச் சாய்த்து வைத்து, நான்கு பேர் கவைக்கோலால் முட்டுக்கொடுத்துத் தூக்க, மற்றவர்கள் எதிர்ப்பக்கம் கயிறு பிடித்து இழுத்தார்கள். பாதி தூக்கியபோது கம்பம் தூண்டில் மாதிரி வளைந்தது. மூன்றாவது கட்டு வழுக்கி, மேல்பாதி டிரைவரின் தலைக்கு ஒரு முழம் தள்ளி வந்து விழுந்தது. "மறுபடி" என்றார் சர்வேயரம்மா.

இரண்டாவது தடவை கீழ்க்கட்டுகளுக்கு அணைவு தேவைப்பட்டது. சுற்றிப் பார்த்தார்கள். லாரியில் டிரைவரின் ஏணி ஒன்று இருந்தது.

"என் ஏணிம்மா அது!"

"ஏணியில ஏறி என்னப்பா பார்க்கப் போறே இங்கே? எல்லாம் தரைதான்."

ஏணியின் இரண்டு காலையும் பிரித்து, கீழிருந்த மூன்று கட்டுகளுக்கும் இருபுறமும் வைத்துக் கட்டினார்கள். ஏணிப்படிகள் ஆப்பாயின. கொடிக்கு என்ன செய்வது என்ற கேள்வி வந்தபோது, அளவைக் கொடிகள் எல்லாம் கைக்குட்டை அளவுதான் என்று தெரிந்தது. சமையல்காரி போய் ஒரு சிவப்புப் போர்வையை எடுத்துவந்தாள். இரண்டு பேர் படுக்கிற அகலம். "இருபது வருஷமா என் பங்கையும் சேர்த்து இழுத்துப் போத்திக்கிட்டுத் தூங்கின மனுஷன். வேற எது தெரியலைன்னாலும் இது தெரியும் அவருக்கு" என்றாள்.

கம்பம் சாயங்காலம் நான்கு மணிக்கு நிமிர்ந்து நின்றது. நான்கு திசைக்கும் நான்கு இழுவைக் கயிறு. வடக்கு, தெற்கு, கிழக்குக் கயிறுகளின் முளைகளைக் கம்பு பிடிக்கிறவர்கள் அடித்தார்கள். மேற்குக் கயிறு முடிச்சின் பொறுப்பு. அவனிடம் இருந்தது லாரியின் பெரிய கயிறு, நூற்றிருபது அடி. ஐம்பதடி போதும். ஆனால் அவன் பதினெட்டு வயதில் வேலைக்கு வந்த நாளிலிருந்து ஒரு கயிற்றையும் வெட்டியதில்லை. ஒரு நுனியைக் கம்பத்தில் கட்டிவிட்டு, மறுநுனியை அது போகிற மட்டும் இழுத்துக்கொண்டு போய், ஒரு கல்லிடுக்கில் முளையடித்து, தனக்குத் தெரிந்த அந்த ஒரே முடிச்சைப் போட்டுவிட்டு வந்தான். எல்லாம் முடிந்து போர்வையும் மேலே ஏறிப் பறக்க ஆரம்பித்த பிறகுதான் சர்வேயரம்மா அந்தப் பக்கம் பார்த்தார்.

"முளை எங்கேப்பா அடிச்சிருக்கே?"

"அதோ, அந்தக் கல்லுகிட்ட."

"அது வட்டத்துக்கு வெளியே! காலையில நாம கிழக்கே போவோம், முளை அங்கேயே நிக்கும். கம்பம் என்னத்துக்கு ஆகும்?"

"கயித்தை வெட்டச் சொல்றீங்களா?"

"வெட்ட வேண்டாம். அவிழ்த்துக் கிட்டக் கட்டு."

முடிச்சு தரையைப் பார்த்தான். அவனுக்குப் பதிலாக அக்காதான் சொன்னாள்: "அவனுக்குக் கட்டத்தான் தெரியும்மா."

நான்கு பேர் சேர்ந்து முயன்றார்கள். நகம்தான் உடைந்தது. வெட்டலாம் என்றால், கம்பம் அப்போதே சாய்ந்துவிடும். தாங்கிப் பிடிக்க மாற்றுக்கயிறு ஒரு முழம்கூட மிச்சமில்லை. விழுகிறதுதான் விழப்போகிறது, இன்றைய வெளிச்சம் இருக்கிற வரைக்குமாவது அவன் கண்ணில் படட்டும் என்று விட்டுவிட்டார்கள்.

மறுநாள் காலை டீ கொதித்தபோது எல்லோரும் டம்ளரைக் கையில் எடுத்துக்கொண்டு கம்பத்திலிருந்து ஐம்பதடி தள்ளிப்போய் நின்றார்கள். சமையல்காரி மட்டும் போகவில்லை. கம்பத்தின் அடியை இரண்டு கையாலும் கட்டிக்கொண்டு நின்றாள். வாடா என்று தம்பியைக் கூப்பிட்டாள், அவனும் போய்ப் பிடித்தான். குலுக்கல் வந்தது. மேற்குக் கயிறு விறைத்து, வீணை நரம்பு மாதிரி ஒரு சத்தம் போட்டது. முளையில் இருந்த முடிச்சு, பாரம் குலுங்கியதாக நினைத்து, தன் வழக்கப்படி ஒரு சாண் இறுகியது. கம்பம் முனகியது, ஆப்புகள் கிறீச்சிட்டன, போர்வை ஒரு தடவை படபடத்தது. பிறகு இன்னொரு குலுக்கல் வந்தது, எதிர்த்திசையில். "ரிவர்ஸு!" என்று டிரைவர் கத்தினான். அந்தக் குலுக்கல் அவனுக்குப் பழக்கமானது.

குனிந்து பார்த்தபோது காலடியில் முந்தாநாள் கொட்டிய வெங்காயத்தோல் கிடந்தது. முகாம் ஒரு மைல் மேற்கே வந்திருந்தது. சர்வேயரம்மா போய் மேற்கு முளையைப் பார்த்தார்; அது முந்தின நாள் அடித்த அதே கல்லிடுக்கில், அடித்த ஆழத்திலேயே நின்றது. கயிற்றை அளந்தார், ஒரு சாண் குறைந்திருந்தது. முளை நகரவில்லை, கயிறு ஒரு சாண் குறைந்தது, முகாம் ஒரு மைல் வந்தது. மூன்றையும் சேர்த்து வைத்தால் கணக்கு வராது. தனித்தனியாகப் பார்த்தால் மூன்றும் சரி. ஆகவே மூன்றையும் தனித்தனி வரியில் எழுதினார். முடிச்சைத் திட்டுவதா, தட்டிக்கொடுப்பதா என்று தெரியாமல் அவன் டம்ளரில் இன்னொரு டீ ஊற்றச் சொன்னார்.

அதன் பிறகு காலைக்கு ஒரு சாண், காலைக்கு ஒரு மைல். வழியில் விட்டுப்போன சாமான்கள் தலைகீழ் வரிசையில், கடைசியில் போனது முதலாவதாகத் திரும்பி வந்தன. இரண்டாம் காலை ஒரு கம்பு பிடிக்கிறவனின் சீப்பு. மூன்றாம் காலை, கருவியில் பார்த்துக்கொண்டிருந்த சர்வேயரம்மா சமையல்காரியைக் கூப்பிட்டுக் கண்ணை வைக்கச் சொன்னார். மேற்கே, ஐந்து மைலில், நூல் மாதிரி ஒரு புகை நேராக மேலே போய்க்கொண்டிருந்தது. அவள் நின்ற இடத்திலேயே மணலில் உட்கார்ந்தாள். எட்டு நாளாக நெஞ்சுக்குள் பிடித்து வைத்திருந்த மூச்சு வெளியே வந்தது. வந்த வேகத்தில் பக்கத்தில் கிடந்த படத்தாள் ஒன்று பறந்துபோக, முடிச்சு ஓடிப் பிடித்துவந்தான். அன்றைய சமையலில் உப்பு, காரம் எல்லாம் சரியாக இருந்தது. எல்லோரும் இரண்டாம் தடவை வாங்கிச் சாப்பிட்டார்கள்.

அடுத்தநாளிலிருந்து வேறொரு கேள்வி கிளம்பியது. புகை அசையவில்லை. கொடி அவனுக்கு நன்றாகத் தெரிகிற தூரம்தான், ஒரு நாள் நடையில் வந்து சேர்ந்திருக்கலாம். கால் ஒடிந்திருக்குமோ என்றான் டிரைவர். சமையல்காரி பார்த்த பார்வையில் வாயை மூடிக்கொண்டான். "அடுப்பு மூட்டத் தெரியுது, நாலு எட்டு எடுத்து வைக்கத் தெரியலையா?" என்று அவள் சத்தம் போட்டுத் திட்டினாள். ஆனாலும் தினமும் ஒரு தட்டில் சோறு போட்டு, மேலே இன்னொரு தட்டைக் கவிழ்த்து வைத்தாள்; சாயங்காலம் அதைத் தானே சாப்பிட்டாள். அவன் எழுந்து வர முடியாத நிலையில் கிடக்கிறானோ என்ற பயம் மைலுக்கு மைல் குறைந்ததா கூடியதா என்று அவளுக்கே சொல்லத் தெரியவில்லை. ஐந்தாம் காலை டிரைவர் தொலைத்த செருப்பு இரண்டும் கூடார வாசலில் ஜோடியாக வந்து நின்றன. அவன் தூசி தட்டிப் போட்டுக்கொண்டான்.

எட்டாம் காலை, இருபத்துமூன்றாம் நாள், குலுக்கல் ஓய்ந்தபோது குட்டை நாற்பது எட்டில் இருந்தது. துணிக்கயிறு இருந்த கோட்டுக்கு ஓரடி வெளியே, சங்கிலியை வட்டமாகச் சுருட்டிப் பக்கத்தில் வைத்துக்கொண்டு, சங்கிலிக்காரன் ஒரு சுட்ட உருளைக்கிழங்கை உரித்துக்கொண்டிருந்தான். கை கால் எல்லாம் சரியாக இருந்தது. தாடி மட்டும் வளர்ந்திருந்தது. சமையல்காரி மூடிவைத்த தட்டோடு பாதி தூரம் ஓடினாள், பிறகு நினைவு வந்து நின்றுவிட்டாள். தட்டைத் தம்பி கையில் கொடுத்தாள்.

"கொடி தெரியலையான்னு கேளு உன் மாமாவை."

முடிச்சு வாயைத் திறப்பதற்குள் பதில் வந்தது. "தெரிஞ்சுது. எட்டு நாளா தெரியுது. நம்ம போர்வை."

"அப்புறம் ஏன் வரலைன்னு கேளுடா!"

"அடுப்பு இருக்கிற பக்கம் கால் படக்கூடாதுன்னு உங்க அக்காதானே சொன்னா. கம்பம் இருந்தா பக்கத்துல அடுப்பு இருக்கும்னு எனக்குத் தெரியாதா? நான் எங்கேயும் நகரலை மச்சான். அடுப்பே என் பக்கம் வந்தா, அதுக்கு நான் பொறுப்பில்லை."

முடிச்சு தட்டைக் கீழே வைத்தான். "நீங்களே பேசிக்குங்க. எனக்குக் கை வலிக்குது" என்று சொல்லிவிட்டுத் தள்ளிப்போய் உட்கார்ந்தான். மற்றவர்கள் தங்கள் தங்கள் டம்ளருக்குள் பார்த்துக்கொண்டிருந்தார்கள். சமையல்காரி சிரிக்க ஆரம்பித்தாள். பாதியில் அது அழுகையாகி, மறுபடியும் சிரிப்பாயிற்று. முந்தானையால் முகத்தைத் துடைத்துக்கொண்டு, இருபத்தோரு நாளுக்குப் பிறகு கணவனை நேராகப் பார்த்துச் சொன்னாள்:

"வாங்க. அடுப்பு பக்கம் வந்து உட்காருங்க. டீ ஆறுது."

அவன் எழுந்து, ஒருதடவை கோட்டைப் பார்த்துவிட்டு, தாண்டினான். வந்து அடுப்புக்கு எதிரில் சம்மணம் போட்டு உட்கார்ந்தான். உட்கார்ந்த அதே நேரத்தில், மேற்கே முளையில் இருந்த முடிச்சு பொதுக்கென்று தளர்ந்தது. பாரம் இறங்கியிருந்தது. கயிறு தொய்ந்து, நாற்பத்திரண்டு அடிக் கம்பமும் அவசரப்படாமல் ஒரு பக்கமாகச் சாய்ந்து, ஒருவர்மேலும் படாமல் மணலில் படுத்தது. போர்வை மட்டும் அடுப்புக்குப் பக்கத்தில் வந்து விழுந்தது. சங்கிலிக்காரன் அதை இழுத்துத் தோளில் போட்டுக்கொண்டான். சர்வேயரம்மா பதிவேட்டைத் திறந்து, மணியைப் பார்த்து, ஒரு வரி எழுதிவிட்டு மூடினார். மறுநாள் காலை டீ கொதித்தபோது எல்லோரும் பழக்கத்தில் தரையில் கையை ஊன்றினார்கள்; குலுக்கல் வரவில்லை. கையைத் துடைத்துக்கொண்டு வேலைக்குப் போனார்கள்.

அளவை ஆறு வாரத்தில் முடிந்தது. கால்வாய் பதினோரு வருடம் கழித்து வெட்டப்பட்டது. அதன் படத்தில் ஓரிடத்திலிருந்து கிழக்கே எட்டு மைலுக்குப் புள்ளிபுள்ளியாக ஒரு கோடு இருக்கிறது. அது என்ன என்று கேட்ட பொறியாளர்களிடம் சர்வேயரம்மா பதிவேட்டைக் காட்டினார். அளவெல்லாம் சரியாக இருந்ததால் அவர்கள் மேலே கேட்கவில்லை. டிரைவருக்குப் புது ஏணி வந்தது. முடிச்சுக்கு வேறு முடிச்சு கற்றுக்கொடுக்க இரண்டு பேர் முயன்றார்கள், சர்வேயரம்மாவே வேண்டாமென்று நிறுத்திவிட்டார்.

கணவனும் மனைவியும் வேலையை விட்டு ஓய்ந்த பிறகு ஓர் ஊரில், ஒரு தெருவின் நடுவில், இரண்டு அறையும் சமையலறையுமாக ஒரு வீடு பார்த்துக் குடியேறினார்கள். சங்கிலிக்காரன் இப்போதும் அலமாரி கால் அங்குலம் கோணல் என்பான். அவளும் இப்போதும் கரண்டியைக் கீழே வைப்பாள். அப்படிப்பட்ட காலைகளில் வீடு இரண்டு விரற்கடை, கோபம் பெரிதென்றால் ஒரு சாண், தெருவை விட்டு உள்ளே போய்விடும். அதற்காகவே தண்ணீர்க் குழாயை இரும்பில் போடாமல் ரப்பரில் போட்டிருக்கிறார்கள். பக்கத்து வீட்டு மருந்துக்கடைக்காரர் சுவர் வரிசை பிசகியிருப்பதைப் பார்த்ததும் முடிச்சுக்குப் போன் செய்வார். அவன் தோளில் கயிற்றோடு வந்து, வாசல் தூணிலிருந்து மின்கம்பத்துக்கு ஒரு கட்டு போட்டுவிட்டு, உள்ளே போய் அக்கா கையால் ஒரு டீ குடிப்பான். அவன் குடித்து முடிப்பதற்குள் வெளியே முடிச்சு தானாகத் தளர்ந்திருக்கும், வீடும் பழைய வரிசைக்கு வந்திருக்கும். அந்தத் தெருவுக்குப் புதிதாகக் குடிவருகிறவர்களிடம் குப்பை வண்டி எத்தனை மணிக்கு வரும், தண்ணீர் எந்த நாள் வரும் என்று சொல்லும்போது இதையும் சேர்த்துச் சொல்லிவிடுகிறார்கள்.